குறைந்த விலைக்கு என்ன காரணம்? தென்சென்னையில் ஒரு வீடு வாங்கிய நிகழ்வு ஆய்வு

பெரும்பாக்கத்தில் சதுர அடி 5,760 ரூபாய்க்குப் புது வீடு. வேளச்சேரியில் 8,000 ரூபாய்க்குப் பதினான்கு வயதான வீடு. நங்கநல்லூரில் 9,375 ரூபாய்க்கு லிஃப்ட் இல்லாத, இருபத்திரண்டு வயதான வீடு. 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு குடும்பம் இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தது. "முதலாவது இருக்கும்போது மற்ற இரண்டை யாராவது வாங்குவார்களா, சார்?" என்று கேட்டார் கணவர். கடைசியில் அவர்கள் வாங்கியது மூன்றாவதை.

வீட்டுக்கடன் கோப்புகளைப் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இப்படிப் பலர் வருவதுண்டு. இந்தக் குடும்பத்தின் பெயர், தெரு, கட்டடம் எதையும் இங்கே சொல்லவில்லை. தொகைகளையும் முழு எண்களாக்கியிருக்கிறேன். கணவருக்குச் சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவன வேலை. மனைவி சைதாப்பேட்டையில் பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள். கூடவே இருக்கும் மாமியாருக்கு மூட்டுவலி. கையிருப்பு 28 லட்சம். பதிவு, தரகு, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து 80 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் போட்டுக்கொண்ட கோடு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் விலை தெரியாமல் யாரும் வீடு விற்பதில்லை. ஒரு வீடு அக்கம்பக்கத்தைவிட மலிவாக வந்தால், ஏதோ ஒரு காரணத்தை அந்த விலை ஏற்கெனவே கழித்துக்கொண்டுவிட்டது என்று பொருள். அந்தக் காரணத்தைத் தோண்டி எடுத்து, அது நம்மைப் பாதிக்குமா என்று பார்ப்பதுதான் வாங்குபவரின் வேலை. மற்றவர்களை விரட்டும் காரணம் சில சமயம் நமக்கு ஒன்றுமே செய்யாது. அப்போதுதான் அது உண்மையான தள்ளுபடி.

எந்தச் சதுர அடி?

முதலில் அந்தத் தாளில் இருந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தகுந்தவையே அல்ல. பெரும்பாக்கத்தின் 1,180 சதுர அடி என்பது படிக்கட்டு, லிஃப்ட் கூடம், நடைவழி, உடற்பயிற்சி அறை எல்லாவற்றிலும் நமக்கு விழும் பங்கைச் சேர்த்த 'சூப்பர் பில்ட்-அப்' கணக்கு. வாசற்கதவைத் திறந்து உள்ளே போனால் புழங்கக் கிடைக்கும் கார்ப்பெட் பரப்பு 800 தான். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் சொல்கிறார்கள், விற்பனைப் பிரிவினர் வாயில் வருவது இன்னும் பழைய கணக்குதான்.

அடுத்தது மேல்செலவு. பெரும்பாக்கம் வீட்டுக்கு 68 லட்சம் என்பது தொடக்கம் மட்டுமே. கார் நிறுத்த 3.5 லட்சம். கட்டட நிறைவுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்பதால் 5 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 3.6 லட்சம். சான்றிதழ் வந்த பிறகு விற்கப்படும் வீட்டுக்கு இந்த வரி கிடையாது. ஆனால் அப்போது விலை வேறாக இருக்கும். மின்சார, குடிநீர் இணைப்பு, பராமரிப்பு முன்தொகை என்று இன்னொரு 2.5 லட்சம். 2023 டிசம்பர் முதல் புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனையில் நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்தே பதிய வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 7 சதவீதம், ஆகவே சுமார் 5 லட்சம். கூட்டினால் 82.6 லட்சம். கார்ப்பெட் சதுர அடிக்கு ஏறத்தாழ 10,300 ரூபாய்.

நங்கநல்லூர் வீட்டுக்குச் சொன்ன விலை 75 லட்சம். மறுவிற்பனை என்பதால் முத்திரை 7, பதிவு 2 என 9 சதவீதம், மொத்தம் 81.75 லட்சம். சொன்ன பரப்பு 800, நாடா பிடித்து அளந்த கார்ப்பெட் 650. சதுர அடிக்குச் சுமார் 12,600. தாளில் 63 சதவீதமாகத் தெரிந்த இடைவெளி இப்போது 22 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அதற்கும் காரணம் இருக்க வேண்டும் அல்லவா? அது நிலத்தில் இருந்தது.

மண்ணுக்கு எவ்வளவு, சுவருக்கு எவ்வளவு

அடுக்குமாடி வீடு என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்த கட்டு. ஒன்று, மனையில் நமக்குக் கிரயமாகும் பிரிக்கப்படாத பாகம். எல்லாரும் யுடிஎஸ் என்கிறார்கள். அது காலம் போகப் போக ஏறக்கூடியது. இன்னொன்று கட்டடம், அது ஆண்டுக்கு ஆண்டு தேய்வது. விலையை இரண்டாகப் பிளக்காமல் இரண்டு வீடுகளை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வங்கி மதிப்பீட்டாளர்கள் போடும் கணக்கு எளிதுதான். கான்கிரீட் கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள், முடிவில் 10 சதவீத மிச்ச மதிப்பு. அந்தச் சமயத்தில் சாதாரணத் தரத்தில் புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். நங்கநல்லூர் கட்டடம் 22 ஆண்டில் 33 சதவீதம் தேய்ந்திருக்கும். மிச்சம் 1,675 ரூபாய் வீதம் 13.4 லட்சம். யுடிஎஸ் 480 சதுர அடி, அந்தத் தெருவில் மனை விலை 11,000, நிலம் 52.8 லட்சம். ஆக 66.2 லட்சம். விற்பவர் கேட்டது அதைவிட ஒன்பது லட்சம் அதிகம்.

வேளச்சேரி வீட்டுக்கு யுடிஎஸ் 500, அந்தத் தெருவில் மனை 9,000. நிலம் 45 லட்சம். 950 சதுர அடிக் கட்டடத்தின் மிச்ச மதிப்பு 18.8 லட்சம். மொத்தம் 64 லட்சத்துக்குள். கேட்டதோ 76.

பெரும்பாக்கத்தில் யுடிஎஸ் 370 தான், மனை விலை 5,000. நிலம் 18.5 லட்சம். அதாவது 68 லட்சத்தில் மண்ணுக்குப் போவது 27 சதவீதம்; மீதி முழுவதும் தேயப்போகும் சுவருக்கும் பளிங்குக்கும் நீச்சல் குளத்துக்கும். நங்கநல்லூரில் மண்ணின் பங்கு 70 சதவீதம். இதில் ஒழுங்கு மீறல் எதுவும் இல்லை. முன்பு சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப் பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5, 2019 விதிகளில் அது 2 ஆயிற்று, உயரமான கட்டடங்களுக்கு இன்னும் கூடுதல். ஒரே மனையில் அதிக வீடுகள் அடுக்கப்பட்டால் ஒவ்வொருவரின் நிலமும் மெலியத்தான் செய்யும். மலிவின் முதல் காரணம் இது.

மனை விலை எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். தரகரிடம் அல்ல. அதே தெருவில் பழைய வீட்டை இடித்துக் கூட்டு முயற்சியில் அடுக்குமாடி கட்டும் சிறு கட்டுமானக்காரர் ஒருவர் இருந்தார். மனைக்காரருக்கு எவ்வளவு தரலாம் என்று தினமும் கணக்குப் போடுபவர். விற்பவராக அல்லாமல் வாங்குபவராகப் பேசும்போது கட்டுமானக்காரர் சொல்லும் விலை நம்பத் தகுந்தது.

வழிகாட்டி மதிப்பை விலையாக எடுத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது முத்திரைத் தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, அவ்வளவே. 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கு ஏற்றினார்கள். 2024 ஜூலையில் மறுபடியும் திருத்தினார்கள். அதைப் பார்த்து விலையைக் குறைத்த வீட்டுக்காரர் யாரையும் நான் பார்த்ததில்லை.

வில்லங்கத்தில் ஒளிந்திருக்கும் விலை

வில்லங்கச் சான்றிதழை எல்லாரும் அடமானம் இருக்கிறதா, வழக்குப் பற்று இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே எடுக்கிறார்கள். அதே சான்றிதழ் அக்கம்பக்கத்து விலைப் பட்டியலும்கூட. பதிவுத்துறை இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் அந்த மனையில் நடந்த கிரயங்கள் எல்லாம் வரிசையாக வரும். பார்வையிடக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு பதிவிலும் பத்திரத்தில் எழுதிய கைமாற்றுத் தொகை ஒன்று, வழிகாட்டி மதிப்பின்படி வரும் 'சந்தை மதிப்பு' ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும்.

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். இரண்டு எண்களும் ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருந்தால் அந்தப் பதிவால் பயனில்லை. வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போட்டு மீதியைக் கையில் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். கைமாற்றுத் தொகை சந்தை மதிப்பைவிடக் கணிசமாக மேலே இருந்து, அடுத்த வரியிலேயே ஒரு வங்கிக்கு உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பதிவும் இருந்தால், அது கடன் வாங்கி வாங்கியவரின் கிரயம். கடன் தொகை கூட வேண்டும் என்பதற்காகவே அவர் உண்மை விலைக்கு அருகில் பதிந்திருப்பார்.

வேளச்சேரிக் கட்டடத்தில் அப்படி உருப்படியான பதிவுகள் இரண்டு கிடைத்தன. மூன்றாம் தளத்தில் 980 சதுர அடி வீடு 2023 ஜூனில் 66 லட்சத்துக்குப் போயிருந்தது. தரைத்தளத்தில் 900 சதுர அடி வீடு 2024 பிப்ரவரியில் 44 லட்சத்துக்கு. ஒரே கட்டடம், எட்டு மாத இடைவெளி, சதுர அடிக்கு 1,800 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். நடுவில் நடந்தது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்.

தண்ணீர் வந்த வழி

தென்சென்னையில் இடத்தைப் பற்றிய முதல் கேள்வி பள்ளிக்கூடமோ மால்களோ அல்ல. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதுதான். கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், நாராயணபுரம், வேளச்சேரி என்று சங்கிலியாக இருக்கும் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். வழி நீளம், சரிவு மிகக் குறைவு, வழியெங்கும் வீடுகள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோதும், எட்டு ஆண்டு கழித்து மிக்ஜாமின்போதும் விஜயநகர், ராம் நகர், ஏஜிஎஸ் காலனி எல்லாம் மூழ்கியது தற்செயல் அல்ல.

வேளச்சேரி வீட்டைக் காட்டிய தரகர், "நம் தெருவில் கணுக்கால் அளவுதான் நின்றது, சார்" என்றார். கட்டடம் வேறு சொன்னது. மின் மீட்டர் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு மேலே புதிதாக ஏற்றப்பட்டிருந்தன. பழைய பெட்டி இருந்த துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் தூண்களுக்கு இடுப்பளவு வரை மட்டும் புது வர்ணம். தெருச்சாலை வளாகத் தரையைவிட அரை அடி மேலே இருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு வந்த உயரம் அது. இந்தப் பகுதியில் ஜாக்கி வைத்துத் தனி வீடுகளையே தூக்கி நிறுத்தும் தொழில் நன்றாக நடப்பதற்கும் இதுவே காரணம். அடுக்குமாடிக்கு அந்த வழியும் இல்லை.

எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பேசியது குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவு நோட்டு. விற்பவர் தயங்கித் தயங்கித்தான் காட்டச் சம்மதித்தார். 2023 டிசம்பர் பக்கத்தில் ஜெனரேட்டர் வாடகை, சேறு அள்ளிய கூலி, மோட்டார் காயில் கட்டிய செலவு. ஜனவரியில் லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பலகை மாற்றியதற்கு ஒரு லட்சத்துக்கு மேல். கணுக்கால் தண்ணீர் லிஃப்டின் பலகையை எரிக்காது. நோட்டைப் புரட்டினால் மே, ஜூன் மாதங்களில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு போனது என்பதும் தெரியும். வீடு பார்க்கப் போகிறவர்கள் சமையலறைச் சலவைக்கல்லைத் தடவிப் பார்க்கும் நேரத்தில் கால்பங்கை இந்த நோட்டுக்குக் கொடுத்தால் போதும்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரிடம் மனைவி தனியாகப் பேசினார். "இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் வராது, அம்மா. ஆனால் நீங்கள் கீழே இறங்கவும் முடியாது. நான்கு நாள் கரண்டு இல்லை. பால் பாக்கெட்டைப் படகில்தான் கொண்டுவந்தார்கள்" என்றார் அவர். மூட்டுவலிக்காரர் ஒருவரும் சிறு குழந்தை ஒன்றும் உள்ள வீட்டுக்கு இது என்ன என்று விளக்கத் தேவையில்லை.

வாடகையும் அதையே சொன்னது. அந்தக் கட்டடத்தில் இரண்டாம் தளத்து வாடகை 22,000, தரைத்தளத்துக்கு 14,000. வாடகைக்கு வருபவர் வருங்காலக் கனவுக்குப் பணம் தருவதில்லை. இன்றைக்கு அந்த வீடு என்ன தருகிறதோ அதற்குத்தான் தருகிறார். அதனால் விலையைவிட வாடகையை நான் அதிகம் நம்புவேன். நங்கநல்லூர்க் கட்டடத்தில் தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் வாடகை ஒன்றே, 21,000. வயதானவர்கள் கீழ்வீட்டைத் தேடி வருவதாகக்கூடச் சொன்னார்கள்.

வேளச்சேரி வீட்டுக்காரர் இறுதியாக 73 லட்சத்துக்கு இறங்கினார், ஒரு நிபந்தனையோடு: பத்திரத்தில் 56, மீதி 17 கையில். மூன்று லட்சம் மிச்சம் என்று கணவருக்குச் சற்றுச் சபலம். பத்திரத்தில் 56 என்றால் வங்கி அதை வைத்துத்தான் கடன் தரும்; கையிருப்பு முழுவதும் கரைந்தாலும் போதாது. நாளைக்கு இவர்கள் விற்கும்போது அந்த 17 லட்சமும் இவர்கள் சம்பாதித்த லாபமாகக் கணக்காகி, இப்போதைய 12.5 சதவீத விகிதத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் வரி வரும். போதாக்குறைக்குச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ விற்பவர் ரொக்கமாகப் பெறுவதற்கு வருமானவரிச் சட்டத்தில் தடை உண்டு. பெற்ற அளவுக்கே அபராதமும் உண்டு. விற்பவரின் வரியை வாங்குபவர் தலையில் இறக்கி வைப்பதற்கான கூலிதான் அந்த மூன்று லட்சம். வேளச்சேரி அன்றே கழிந்தது.

பெரும்பாக்கம்

பெரும்பாக்கத்தின் விலை ஏன் குறைவு என்று தரகரைக் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றைச் சொல்வார்: பக்கத்தில் வாரியக் குடியிருப்பு. முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்து இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகிவிட்ட அமைப்பு, கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றியவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த எட்டு மாடிக் கட்டடங்கள் அவை. வேலை செய்த இடத்திலிருந்தும் பிள்ளைகள் படித்த பள்ளியிலிருந்தும் பிடுங்கி எறியப்பட்டவர்களை, அவர்கள் வந்து சேர்ந்த இடத்தின் குறையாகக் காட்டுவது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்த ஆசிரியை, "என் வகுப்பில் படித்த பிள்ளைகளே நான்கைந்து பேர் அங்கே போயிருக்கிறார்கள், சார், அது எனக்கு ஒரு காரணமே இல்லை" என்றார். அந்த அளவுக்கு அது அவர்களுக்கு நிஜமான தள்ளுபடி.

மற்ற காரணங்கள் அப்படி இல்லை. குழாய்க் குடிநீர் அந்த வளாகத்துக்கு வந்து சேரவில்லை. தண்ணீர் லாரியில் வருகிறது, கழிவுநீர் லாரியில் போகிறது. இரண்டுக்கும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தில் பணம் கட்ட வேண்டும். விளம்பரப் பலகையில் மெட்ரோ ரயில் படம் போட்டிருந்தார்கள். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரும் ஐந்தாம் வழித்தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது, பொய்யில்லை. ஆனால் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை 2008-இல் தொடங்கி, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலமெடுப்பு வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் நின்றதைப் பார்த்துக்கொண்டே குடியிருந்த குடும்பம் இது. வரப்போகும் ரயிலுக்கு இன்றே பணம் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ரயில் வரும்வரை மனைவிக்குச் சைதாப்பேட்டை போகப் பஸ் மாறி ஒரு மணி நேரத்துக்கு மேல்.

நான் அதிகம் கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. அந்த வளாகத்தின் முதல் கட்டம் முடிந்து ஆள் குடிவந்திருந்தது. இரவு எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். விளக்கெரிந்த ஜன்னல்கள் பாதிக்கும் குறைவு. முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வைத்தவை மீதி. இவர்கள் ஐந்து ஆண்டு கழித்து விற்க நினைத்தால், அதே வரைபடத்தில் அதே அளவில் பூட்டிக்கிடக்கும் வீடுகளோடும், கட்டுமான நிறுவனம் அடுத்த கட்டத்தில் விற்கும் புத்தம் புது வீடுகளோடும் போட்டி போட வேண்டும். நிறுவனத்துக்கு விளம்பரம் இருக்கும், வங்கி ஏற்பாடு இருக்கும், தவணைச் சலுகை இருக்கும். தனி மனிதரிடம் விலையைக் குறைப்பதைத் தவிர வேறு ஆயுதம் இருக்காது.

வளாகத்தின் கிழக்கு எல்லையிலிருந்து பார்த்தால் சதுப்பு நிலத்தின் கோரைப்புல் தெரிந்தது. விற்பனைக் கையேடு அதை 'நிரந்தரப் பசுமைக் காட்சி' என்று விற்றது. பள்ளிக்கரணை 2022-இல், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த ஈரநிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதிகளை ஆய்வு முடியும்வரை நிறுத்திவைக்க உத்தரவிட்டது. முன்பே அனுமதி பெற்று எழும்பிய வீட்டை அது நேரடியாகத் தொடவில்லை என்றாலும், அடுத்த கட்டத்தோடு சேர்த்துத் தருவதாகச் சொன்ன கிளப், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு விரிவாக்கம் எல்லாவற்றுக்கும் கேள்விக்குறி விழுந்தது. இவர்கள் முடிவெடுத்தபோது இந்த உத்தரவு இல்லை. ஆனால் பாதுகாக்கப்பட்ட ஈரநிலத்தின் விளிம்பில் வாங்குபவர், விதிகள் ஒரு நாள் இறுகும் என்று எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

நங்கநல்லூர்

மிச்சமிருந்தது பழைய வீடு. எட்டே வீடுகள், லிஃப்ட் இல்லை, மொட்டை மாடியில் துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டித் தாங்கி. தெரு மேட்டில் இருந்தது. 2015-லும் 2023-லும் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்பதை எதிர்வீட்டாரும் பால்காரரும் தனித்தனியாகச் சொன்னார்கள். குடிநீர் வாரிய இணைப்பும் கிணறும் இருந்தன. நோட்டில் லாரித் தண்ணீர் செலவு கோடையில் மட்டும் கொஞ்சம். நங்கநல்லூர் ரோடு மெட்ரோ நிலையத்திலிருந்து ஆலந்தூர், கிண்டி, சின்னமலை தாண்டினால் சைதாப்பேட்டை. கணவருக்குத்தான் தூரம்: கீழ்க்கட்டளை போய்ப் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையைப் பிடிக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள்தான் அலுவலகம் என்பதால் ஒப்புக்கொண்டார்.

இந்த வட்டாரத்துக்கும் அதன் வழக்கங்கள் உண்டு. வீடு காட்டும் முன்பே தரகர், "நீங்கள் சைவமா?" என்று கேட்டார். வாடகைக்கு விடுவதிலும் இங்கே பலர் அந்த வடிகட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சமூகப் பார்வையில் இது கசப்பானது என்பது ஒருபுறம் இருக்க, மறுவிற்பனையில் வாங்க வருபவர்களின் வட்டத்தையும் இது குறுக்கும். இந்தக் குடும்பம் அசைவம். சங்கத்தின் விதிகளில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை என்பதை வாங்கிப் படித்த பிறகே அடுத்த அடி வைத்தார்கள்.

பழைய கட்டடத்தில் மறுகட்டுமான ஆசை காட்டுவது இப்போது தரகர்களின் புதுப் பாட்டு. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். நிலப் பங்கு அதிகம் உள்ள பழைய வீட்டுக்கு அது நல்ல செய்திதான். ஆனால் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே உயரக் கட்டுப்பாடு உண்டு. நினைத்த அளவுக்கு அடுக்க முடியாது. அந்த எதிர்பார்ப்புக்கு விலையில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கக் கூடாது என்றேன். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் பார்த்ததில் தூண்களும் உத்தரங்களும் சரி. குளியலறைத் தளத்தின் அடியில் மட்டும் கம்பி துருவேறிச் சிமென்ட் உதிர்ந்திருந்தது. மின்கம்பிகள் முழுவதும் மாற்ற வேண்டும். மதிப்பீடு 4 லட்சம்.

பேரத்தைத் தீர்மானித்தது விற்பவரின் நிலைமை. கணவரை இழந்த, எழுபதைத் தாண்டிய அம்மாள். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போய்விடப்போகிறார். "தம்பி, எனக்கு ஜனவரியில் டிக்கெட். அதற்குள் முழுப் பணமும் வங்கியில் வந்துவிட வேண்டும். திரும்பத் திரும்ப என்னால் வர முடியாது" என்றார். இவர்களுக்கு முன்பு வந்த இரண்டு பேர் 72 லட்சம் வரை பேசியிருந்தார்கள். ஆனால் தங்கள் வீட்டை விற்றுத்தான் பணம் புரட்ட வேண்டியவர்கள் அவர்கள். இந்தக் குடும்பம் கடனுக்கான முன் ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் மதிப்பீட்டுத் தாளையும் அவர் முன் விரித்து 66-இல் ஆரம்பித்தது. 69-இல் முடிந்தது. மதிப்பீட்டைவிட இன்னும் மூன்று லட்சம் அதிகம்தான். இருந்தாலும் கேட்ட விலையிலிருந்து இறங்கிய ஆறு லட்சத்துக்கான காரணம் அந்த அம்மாளின் பயணச் சீட்டு. வீட்டிலோ தெருவிலோ அது ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அவரோடு அதுவும் விமானம் ஏறிவிடும்.

கணக்கு இப்படி நின்றது: கிரயம் 69, முத்திரையும் பதிவும் 6.2, தரகு 0.7, பழுதுபார்ப்பு 4, மொத்தம் 79.9 லட்சம். வங்கியின் மதிப்பீட்டாளர் 66 லட்சம் என்று எழுதினார். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பதிவுச் செலவு அந்தக் கணக்கில் வராது. கிடைத்தது 52.8 லட்சம், இருபது ஆண்டு, மாதத் தவணை சுமார் 46,000. கையிலிருந்து 27 லட்சம் போயிற்று. 50 லட்சத்தைத் தாண்டிய கிரயம் என்பதால் ஒரு சதவீதம், 69,000 ரூபாயை விற்பவருக்குத் தராமல் பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்டினார்கள். இதை மறந்துவிட்டுப் பின்னால் அபராதத்தோடு கட்டியவர்கள் ஏராளம்.

2025 மார்ச்சில் வேளச்சேரிக் கட்டடத்தின் வில்லங்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டாம் தளத்து வீடு கைமாறியிருந்தது. கைமாற்றுத் தொகை 56 லட்சம், சந்தை மதிப்புக்கு ரூபாய் பிசகாமல். ஒப்படைப்புப் பதிவு ஏதும் இல்லை.

நங்கநல்லூரில் இப்போது லிஃப்ட் பேச்சு ஓடுகிறது. வெளிச்சுவரை ஒட்டி இரும்புச் சட்டத்தில் பொருத்தலாம் என்று ஒருவர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். முதல் தளத்திலும் இரண்டாம் தளத்திலும் இருக்கும் ஆறு பேருக்குச் சம்மதம். தரைத்தளத்து இருவரும், ஏறாத லிஃப்டுக்கு நாங்கள் ஏன் பங்கு போட வேண்டும் என்கிறார்கள். அது எழும்பப்போகும் பக்கவாட்டு இடத்தில் அவர்களுடைய ஜன்னல்கள் திறக்கின்றன. யுடிஎஸ் விகிதத்தில் பிரிப்பதா, மேல்தளத்தார் மட்டும் ஏற்றுக்கொண்டு கீழ்வீட்டாருக்கு ஜன்னலை மாற்றி வைத்துத் தருவதா என்று இன்னும் முடிவாகவில்லை.